எதிர்பார்த்த ஆடை

ஆங்கிலத்தில் உடையின்மையைக் குறிக்கும் சொற்களுள் 'நேக்கட்', 'நியூட்', 'பேர்' ஆகிய மூன்றும் முதன்மையானவை. (தமிழெழுத்தில் எழுதும்போது மூன்றாவது சொல் பெயரைக் குறிக்கும் பேச்சுச் சொல்லோடு ஒத்துப்போவது தற்செயல்தான்.) அகராதிகள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாலும், வழக்கில் இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்க இசைவதில்லை: செருப்பில்லாத காலுக்கும் இலையுதிர்ந்த கிளைக்கும் 'பேர்' பொருந்தும், ஓவியப் பள்ளியில் மாணவர்கள் வரைவதற்காக நிற்பவரின் உடல் 'நியூட்' எனப்படும், அதே உடல், உடை மாற்றும் அறையின் கதவு தவறித் திறந்துகொண்ட கணத்தில் 'நேக்கட்' ஆகிவிடும். துணி இல்லை என்ற செய்தி மூன்றிலும் ஒன்றே. அந்த இன்மையை யார் எங்கிருந்து பார்க்கிறார் என்பதுதான் சொல்லுக்குச் சொல் மாறுகிறது. மூன்றிலும் அதிகம் ஊர்சுற்றியது 'நேக்கட்'. கண், வாள், விளக்கு, ஒப்பந்தம், பங்குச் சந்தை, மோட்டார் சைக்கிள், வைரஸ், கருந்துளை என்று அது போய் ஒட்டிக்கொண்ட இடங்கள் மனித உடலிலிருந்து வெகுதூரம் விலகியவை.

இன்மையைக் குறிக்கும் சொற்களைப் பற்றி அரிஸ்டாட்டில் 'வகைமைகள்' என்னும் நூலில் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்கிறார். ஒன்று இல்லாதிருப்பது வேறு, இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லாதிருப்பது வேறு. பல்லில்லாத எல்லாவற்றையும் பொக்கை என்றோ பார்வையில்லாத எல்லாவற்றையும் குருடு என்றோ சொல்வதில்லை, இயல்பாக அவை அமைந்திருக்க வேண்டிய உயிரில், அமைந்திருக்க வேண்டிய காலத்தில் இல்லாதபோதே அச்சொற்கள் பொருந்துகின்றன என்பது அவர் வாதம். 'நேக்கட்' இந்த வகையைச் சேர்ந்தது. வயலில் மேயும் குதிரை எதையும் உடுத்தியிருக்கவில்லை, ஆயினும் அதை யாரும் அப்படி அழைப்பதில்லை. ஏனெனில் குதிரை உடுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இச்சொல் ஒரு பொருளோடு சேரும்போதெல்லாம், அந்தப் பொருளின் நிலையைவிட, பார்ப்பவர் அதன்மேல் எந்த ஆடையை எதிர்பார்த்திருந்தார் என்பதையே கூடுதலாகச் சொல்லிவிடுகிறது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அது தமிழ்ச் செவிக்கு அவ்வளவு அந்நியமானதன்று. பழைய ஆங்கிலத்தில் 'நாகோட்' என்றிருந்த இதற்கு ஜெர்மனில் 'நக்ட்', டச்சில் 'நாக்ட்', லத்தீனில் 'நூடுஸ்', ருஷ்யத்தில் 'நகோய்', சமஸ்கிருதத்தில் 'நக்ன' என்று உறவுகள் உண்டு. இவையெல்லாம் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் முடிவு. அந்த 'நக்ன' தமிழுக்கு வந்து 'நக்கன்' ஆயிற்று. ஆடையற்ற பிச்சாடனராகத் திரிந்த சிவனுக்கு அது பெயராயிற்று. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் மகளிர் நானூற்றுவரின் பெயர்களுக்கு முன்னே இறைவனின் உரிமையைக் காட்டும் அடையாக வரிசை வரிசையாக அது நிற்கிறது. இலண்டன் குளியலறைக்குரிய ஒரு சொல்லும் தஞ்சைக் கோயில் சுவரில் வெட்டப்பட்ட ஒரு சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதில் வியப்படைய இடமிருக்கிறது.

அதே வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் கிரேக்கச் சொல் 'கும்னோஸ்'. உடையின்றி உடற்பயிற்சி செய்த களத்துக்குக் கிரேக்கர் இட்ட பெயரிலிருந்தே இன்றைய 'ஜிம்' வந்தது. அலெக்சாந்தர் தட்சசீலத்தை அடைந்தபோது அங்கே கண்ட துறவிகளைக் கிரேக்கர் 'கும்னோஸ் தத்துவவாதிகள்' என்று பொருள்படும் கூட்டுச்சொல்லால் குறித்தார்கள். அவர்களிடம் அனுப்பப்பட்ட ஒனேசிக்ரிட்டஸ் சொன்னதாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ பதிந்திருக்கும் காட்சி குறிப்பிடத்தக்கது: வெயிலில் கொதிக்கும் கற்களின்மேல் காலனஸ் என்னும் துறவி படுத்திருக்கிறார்; எதிரே மேலங்கியும் அகன்ற தொப்பியும் காலணியுமாக வந்து நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார்; பாடம் கேட்க வேண்டுமானால் அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு இதே கற்களில் வந்து படுக்கச் சொல்கிறார். கிரேக்கப் பெயர் ஆடை இல்லாதவரைக் குறித்தது. காலனஸின் சிரிப்போ ஆடை இருந்தவரைக் குறித்தது. எது இயல்பு, எது மிகை என்பதில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றதால், சொல்லின் முனையும் திரும்பிக்கொண்டது.

ஆங்கிலச் சொல்லின் ஒலியிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. எழுத்தில் அதன் இறுதி, 'சுடப்பட்ட' என்று பொருள்படும் 'பேக்ட்' என்னும் இறந்தகால எச்சத்தின் இறுதியைப் போலவே இருந்தாலும், அது 'நேக்ட்' என்று ஓரசையாகச் சுருங்காமல் இரண்டு அசையாகவே ஒலிக்கிறது. செயப்பாட்டு எச்சத்தின் தோற்றம் இருக்கிறது, அதற்குரிய வினையோ இன்றைய மொழியில் இல்லை. யார் செய்த எந்தச் செயலால் ஒருவர் 'நேக்கட்' ஆனார் என்று கேட்டால் இலக்கணத்திடம் விடை கிடையாது. இடைக்கால ஆங்கிலத்தில் 'நேக்' என்று ஒரு வினை, உரிதல் என்னும் பொருளில், சிறிதளவு வழங்கியிருக்கிறது. இந்தப் பெயரடையிலிருந்து பின்னோக்கி உருவாக்கிக்கொண்ட அவ்வினை நிலைக்காமல் வழக்கொழிந்துபோயிற்று.

முழு அம்மணத்தைக் குறிக்க ஆங்கிலேயர் சேர்த்துக்கொண்ட 'ஸ்டார்க்' என்ற முன்னடையின் கதை சற்றே வேடிக்கையானது. அது முதலில் 'ஸ்டார்ட்' என்றிருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வால் என்று பொருள், 'ரெட்ஸ்டார்ட்' என்னும் செவ்வால் குருவியின் பெயரில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. வால்வரை, அதாவது பின்புறம்வரை, உடையற்றவர் என்பதே 13ஆம் நூற்றாண்டில் அத்தொடருக்கு இருந்த பொருள். வாலைக் குறித்த சொல் மறைந்ததும் மக்கள் காதுக்குப் பழகிய, விறைப்பையும் முழுமையையும் குறித்த 'ஸ்டார்க்' அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

இந்த முன்னடை தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. பழங்காலத்தில் 'நேக்கட்' என்றால் ஒன்றுமே உடுத்தாதவர் என்று கட்டாயமாகப் பொருளாகிவிடவில்லை. கவசமின்றிப் போர்க்களத்தில் நின்றவனும், மேலாடை களைந்து உள்ளாடையோடு இருந்தவனும் அச்சொல்லுக்குள் அடங்கினார்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் இதற்குச் சான்று: படகில் வலையிழுத்துக்கொண்டிருந்த பேதுருவைக் கிரேக்க மூலம் 'கும்னோஸ்' என்கிறது, பழைய மொழிபெயர்ப்பும் தயங்காமல் 'நேக்கட்' என்கிறது, பிற்கால மொழிபெயர்ப்பாளர்களோ வாசகர் வேறுவிதமாகக் கற்பனை செய்துவிடக் கூடாதே என்று வேலைக்காக மேலாடையைக் களைந்திருந்தார் என விரித்து எழுதுகிறார்கள். மீனவருக்கு வேலைக்கோலமாக இருந்தது, ஆசானைக் காணப் போகிறவருக்குக் குறையாகப்பட்டதால்தான் பேதுரு ஆடையை இழுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். சொல் குறித்தது தோலையன்று, அந்தச் சந்திப்புக்குப் போதாத உடையை.

எதிர்பார்ப்புதான் சொல்லை உண்டாக்குகிறது என்பதற்குக் கண்ணைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கண்ணால் விண்மீன்களைப் பார்த்துவந்தபோது அதைக் கண் என்று மட்டுமே அழைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் வந்த பிறகே அது ஆங்கிலத்தில் 'நேக்கட் ஐ' ஆயிற்று. 1665இல் வெளியான 'மைக்ரோகிராஃபியா'வில் ராபர்ட் ஹூக் முதலாவதாக ஆராய்ந்தது ஒரு தையலூசியின் முனை. துணியைத் துளைக்கும் அளவுக்குக் கூர்மையாகக் கண்ணுக்குத் தெரியும் அம்முனை நுண்ணோக்கியின் கீழே மேடும் பள்ளமுமாக, மழுங்கிய மொட்டையாகத் தெரிந்ததை அவர் விரிவாக விவரிக்கிறார். ஊசி மாறவில்லை, கண்ணும் மாறவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடி வில்லை வந்து நின்றதும், அது இல்லாத கண்கள் எல்லாம் ஒரே நாளில் உடையிழந்துபோயின.

தமிழ் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. வெறுங்கண், வெறுங்கை, வெறுங்கால், வெறும் வயிறு என்று தமிழ் சொல்வதில் இருப்பது வெறுமை, அம்மணமன்று. ஆங்கிலத்தின் 'பேர்' இதற்கு நெருக்கமானது. 'வெறும் பத்து ரூபாய்' என்பதைப் போலவே அதுவும் 'மட்டும்' என்னும் பொருளுக்கு நகர்ந்திருக்கிறது. இன்றைய இலண்டன் இளைஞர் கொச்சையிலோ கரீபியச் செல்வாக்கால் அதே சொல் 'ஏராளம்' என்று தலைகீழாகவும் பொருள்படுகிறது. வெறுமைக்கு வெட்கமில்லை, அதனால்தான் 'பேர்' இவ்வளவு எளிதாக அளவுச்சொல்லாக மாறிக்கொள்ள முடிந்தது. 'நேக்கட்' எங்கே போனாலும் சிறிது கூச்சத்தையோ ஆபத்தையோ கையோடு கொண்டுபோகிறது.

அந்த ஆபத்து வெளிப்படையாகத் தெரியும் இடம் சுரங்கம். 1812 மே 25ஆம் நாள் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். 1815இல் ஹம்ஃப்ரி டேவி விளக்கின் சுடரைச் சுற்றிலும் நெருக்கமான கம்பிவலையைப் போர்த்தி, சுடரின் வெப்பம் வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைக்காதபடி செய்தார். சுடருக்கு இப்படி ஒரு வலைச்சட்டை கிடைத்த பிறகு, சட்டையில்லாத எந்த விளக்கும் சுரங்கத் தொழிலாளர் மொழியில் 'நேக்கட் லைட்' ஆனது. மோட்டார் சைக்கிளுக்கும் இதுதான் நடந்தது: எஞ்சினை மறைக்கும் பிளாஸ்டிக் உறை 1980களின் விரைவு வண்டிகளில் வழக்கமான பிறகு, எஞ்சினும் சட்டகமும் வெளியே தெரிய 1993இல் விற்பனைக்கு வந்த டுகாட்டி மான்ஸ்டர் போன்றவை 'நேக்கட் பைக்' என்று தனி இனமாயின. இன்று தமிழக இளைஞர்கள் இருசக்கர வாகனக் கடையில் அந்தப் பெயரைச் சிறு நெளிவும் இல்லாமல் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்கள் தாத்தா ஓட்டிய புல்லட்டும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்று அது வெறும் புல்லட்.

சட்டத்திலும் சந்தையிலும் ஆடை என்பது பிணையத்துக்கு மறுபெயர். ரோமானியச் சட்டம் உரிய முறைமையோ அடிப்படையோ இன்றி வாயளவில் செய்துகொண்ட உடன்பாட்டை 'நூடும் பாக்டும்' என்று அழைத்து, அதிலிருந்து வழக்கு பிறக்காது என்றது. ஆங்கிலச் சட்டம் அதையே, கைம்மாறாக எதுவும் பெறாமல் தரும் வாக்குறுதி, அதாவது மறுபயன் இல்லாத ஒப்பந்தம், என்று கொண்டது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவில் அத்தகைய உடன்பாட்டைச் சில விலக்குகளோடு செல்லாததாக்குகிறது. 'நியூட்' என்ற சொல் 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் தலைகாட்டியது இப்படிப்பட்ட சட்ட நூல்களில்தான், உடலை வருணிக்கும் எழுத்தில் அன்று என்பது பலருக்கும் நம்பக் கடினமான உண்மை. சந்தையின் வழக்கு இதைவிட அப்பட்டமானது. விலை இறங்கும் என்று கணிப்பவர் பிறரிடம் பங்கைக் கடனாக வாங்கி விற்று, பின்னர் மலிவாக வாங்கித் திருப்பித் தருவது 'ஷார்ட் செல்லிங்'. கடனாகக்கூட வாங்காமல், கையில் இல்லாத பங்கை விற்பது 'நேக்கட் ஷார்ட் செல்லிங்'. அமெரிக்காவில் 2005இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இதைக் கட்டுப்படுத்தின, 2008 செப்டம்பர் நெருக்கடியில் அவை மேலும் இறுக்கப்பட்டன. இந்தியாவில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இதை அனுமதிப்பதேயில்லை. இல்லாததை விற்பவருக்கு ஆடையில்லாதவர் என்று பெயரிட்ட தரகர்களிடம் ஒழுக்கவுணர்ச்சி இல்லையென்று சொல்ல முடியாது.

கலை உலகில் 'நியூட்' பெற்ற மதிப்பு தனிக்கதை. கென்னத் கிளார்க் 1953இல் வாஷிங்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளை விரித்து 1956இல் வெளியிட்ட 'தி நியூட்' என்னும் நூல் இரு சொற்களையும் பிரித்துக் காட்டியே தொடங்குகிறது: 'நேக்கட்' ஆடை பறிபோன சங்கடத்தைக் குறிப்பது, 'நியூட்' சமநிலையும் தன்னம்பிக்கையும் கொண்டு மறுவடிவம் பெற்ற உடலைக் குறிப்பது என்பது அவர் கருத்து. 1972இல் பிபிசி தொலைக்காட்சித் தொடரிலும் அதையொட்டிய நூலிலும் ஜான் பெர்ஜர் இந்த மதிப்பீட்டைத் திருப்பிப்போட்டார். அவர் பார்வையில் 'நேக்கட்' ஆக இருப்பவர் தாமாக இருக்கிறார். 'நியூட்' ஆக இருப்பவரோ பிறர் பார்வைக்குப் பண்டமாகிறார், அவருடைய தோலே கழற்ற முடியாத உடையாகிவிடுகிறது. இந்த வழக்கில் பெர்ஜர் பக்கமே சாய வேண்டியிருக்கிறது என்றாலும், இருவருமே ஆங்கிலம் தற்செயலாகக் கொடுத்த இரட்டைச் சொல்லின்மேல் நின்று வாதிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிரெஞ்சு மொழியில் இரண்டுக்கும் 'ன்யூ' ஒன்றுதான்.

பிரெஞ்சில் சொல் ஒன்றாக இருந்தும் பார்வையாளருக்கு வேறுபாடு தெரிந்தே இருந்தது. 1863ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் அலைமேல் சாய்ந்து கிடக்கும் கபனேலின் வீனஸ் பெரும் பாராட்டைப் பெற்று மூன்றாம் நெப்போலியனாலேயே வாங்கப்பட்டது. அதே ஆண்டில் மானே வரைந்து 1865இல் காட்சிக்கு வைத்த 'ஒலிம்பியா' கேலிக்கும் சீற்றத்துக்கும் ஆளானது. இரண்டும் ஆடையற்ற பெண் படுத்திருக்கும் ஓவியங்களே. கபனேலின் வீனஸ் உடலில் துரும்புகூட இல்லை, அவள் பார்வையும் பார்ப்பவரை நேராக எதிர்கொள்ளவில்லை. ஒலிம்பியாவின் கழுத்திலோ கறுப்பு நாடா, கையில் வளை, கூந்தலில் பூ, ஒரு காலில் மட்டும் செருப்பு. பூங்கொத்தோடு வந்து நிற்கும் கறுப்பினப் பணிப்பெண்ணை அவள் கண்டுகொள்ளவில்லை, கண்கள் நேராகப் பார்வையாளரையே பார்க்கின்றன. கழுத்து நாடாவைக் கண்டதும் மற்ற ஆடை எங்கே என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. கடவுளிடம் கேட்கத் தோன்றாத கேள்வி அது. மானேயின் பெண்ணை 'நேக்கட்' ஆக்கியது அவள் அணியாதவை அல்ல, அணிந்திருந்தவை.

'நியூட்' பிறகு நிறத்தின் பெயராகவும் ஆயிற்று. காலுறையிலும் உதட்டுச்சாயத்திலும் அது வெளிர்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பைக் குறித்தபோது, உடையின்றித் தெரியும் தோல் எந்த நிறத்தினுடையது என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே விற்பனையானது. கிரயோலா நிறுவனம் 'சதை' என்று பெயரிட்டிருந்த வண்ணக்குச்சியை 1962இல் 'பீச்' என்று மாற்றியது. 'நியூட்' நிறம் வெள்ளையர் தோலின் நிறம் என்று கூறிவந்த மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2015இல்தான், கண்டனங்கள் எழுந்த பின்னர், அணிபவரின் தோலோடு ஒத்துப்போகும் நிறம் என்று அதைத் திருத்தியது. அரை நூற்றாண்டுக்கு மேல் அகராதிக்காரர்களைவிடக் குழந்தைகளின் வண்ணப்பெட்டி விழிப்பாக இருந்திருக்கிறது.

அறிவியலுக்குப் போனால் சொல்லில் விளையாட்டுத்தனம் கூடிவிடுகிறது. கருந்துளையின் நடுவில், ஈர்ப்பு எல்லையற்றுப் பெருகி இயற்பியல் விதிகள் செயலிழக்கும் இடத்தை 'சிங்குலாரிட்டி' என்பார்கள்; ஒளியும் தப்ப முடியாத நிகழ்வெல்லை அதைச் சுற்றித் திரையாக நிற்கிறது. அந்தத் திரையின்றி ஒன்று வெளியே தெரிந்தால் அது 'நேக்கட்'. அப்படி நிகழாது என்ற தமது ஊகத்துக்கு ரோஜர் பென்ரோஸ் 1969இல் வைத்த பெயர் பேரண்டத் தணிக்கை. 1991இல் ஸ்டீபன் ஹாக்கிங் இவ்வூகத்தின் பக்கம் நின்று கிப் தோர்ன், ஜான் பிரெஸ்கில் ஆகியோரோடு பந்தயம் கட்டினார். தோற்றவர் வென்றவரின் அம்மணத்தை மறைக்க, தோல்வியை ஒப்புக்கொள்ளும் வாசகம் பொறித்த உடை தர வேண்டும் என்பது நிபந்தனை. மிக அரிய சூழலில் திரையற்ற சிங்குலாரிட்டி உருவாகலாம் எனக் கணினிக் கணக்கீடுகள் காட்டியதால் 1997இல் அவர் அரைமனதாகத் தோல்வியை ஏற்றுச் சட்டைகளைக் கொடுத்தார். வைரஸ்களின் உலகிலோ அம்மணமே அரண்: கொழுப்பாலான வெளியுறை கொண்ட கொரோனா, இன்ஃபுளுயன்சா வைரஸ்களைச் சோப்பும் ஆல்கஹாலும் எளிதில் சிதைத்துவிடும், உறையில்லாததால் 'நேக்கட்' எனப்படும் நோரோ வைரஸ் கை சுத்திகரிப்பானுக்கு அவ்வளவு சுலபமாக மசிவதில்லை. கலைப்பதற்கு அதனிடம் உறையில்லை.

இந்தியச் சிந்தனை மரபுகளில் சில, இந்த எதிர்பார்ப்பையே ஏற்க மறுத்திருக்கின்றன. திகம்பரர் என்னும் பெயர் ஆடை இல்லாதவர் என்று சொல்வதில்லை. திக்குகளை அம்பரமாக, அதாவது ஆடையாக, உடுத்தவர் என்றே சொல்கிறது. அமணர் என்ற சமணப் பெயரிலிருந்தே 'அம்மணம்' வந்தது என்பர்; துறவியின் பெயர் தெருவில் வசையாகத் தேய்ந்திருக்கிறது. 'நிர்வாணம்' எதிர்த்திசையில் இரட்டைப் பொருள் சுமப்பது: விளக்கு அணைவதுபோல் பற்று அவிந்த நிலையைக் குறித்த அச்சொல்லைத் தமிழ் ஆடையின்மைக்கும் வைத்துக்கொண்டது.

1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். 1931 பிப்ரவரி 23 அன்று, வைசிராய் இர்வினோடு அவர் பேச்சு நடத்திக்கொண்டிருந்த நாள்களில், எஸெக்ஸில் பேசிய சர்ச்சில், மிடில் டெம்பிள் என்னும் இலண்டன் சட்டக் கழகத்தின் வழக்கறிஞர் ஒருவர் பக்கிரி வேடத்தில் அரைகுறை 'நேக்கட்' ஆக வைசிராய் மாளிகையின் படியேறுவது அருவருப்பூட்டுவதாகச் சொன்னார். (காந்தி பயின்றது இன்னர் டெம்பிளில், வசையிலும் சர்ச்சில் சரிபார்க்கவில்லை.) அந்தப் படிகளில் சர்ச்சில் எதிர்பார்த்தது வழக்கறிஞரின் அங்கியை, காந்தி உடுத்தியிருந்தது இந்திய உழவரின் அன்றாட உடை. 1944 ஜூலை 17 தேதியிட்ட கடிதத்தில் காந்தி இதற்குக் கோபமில்லாத மறுமொழி ஒன்றை எழுதினார்: பக்கிரியாக ஆவதற்கு நெடுநாளாக முயன்றுவருவதாகவும், அதிலும் 'நேக்கட்' ஆக ஆவது இன்னும் கடினமான வேலையென்றும், சர்ச்சில் எண்ணிச் சொல்லாவிட்டாலும் அதைப் பாராட்டாகவே கொள்வதாகவும் அவர் குறிப்பிட்டார். சர்ச்சிலுக்கு அது ஒரே பார்வையில் கண்டு சொல்லிவிடக்கூடிய நிலை. காந்திக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தும் முடியாத செயல். ஆங்கிலம் நூற்றாண்டுகளுக்கு முன்பே தொலைத்துவிட்ட அந்த 'நேக்' என்னும் வினையை, அது இருந்ததே அறியாமல், அவர் தமது கடிதத்தில் செய்வினையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.